அந்தத் தாளில் ‘வேண்டாம்’ என்பதற்குக் கட்டமில்லை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஆறு ஆண்டுகள் ஏபிஏ பயிற்சி கொடுத்தேன். பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்பது அதன் முழுப்பெயர்; பரிசைக் கொடுத்தும் மறுத்தும் குழந்தையின் நடத்தையை மாற்றும் முறை. சொன்னதைச் செய்தால் கூட்டல் குறி, செய்யாவிட்டால் கழித்தல் குறி. அப்படிப்பட்ட தாள்களை நூற்றுக்கணக்கில் நிரப்பியிருக்கிறேன்.

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன். பொம்மை ரயிலைக் காதருகே வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பான். அதுதான் அவனுக்கு உயிர். அதனாலேயே அதை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ‘என்னைப் பார்’ என்பேன். மூன்று விநாடி என் கண்ணைப் பார்த்தால் அரை நிமிடம் ரயில் கிடைக்கும். பிறகு மறுபடியும் பிடுங்கிக்கொள்வேன். கையை உதறினால் அந்தக் கையை மடியில் வைத்து அழுத்துவேன். அவன் முகத்தைத் திருப்புவான், மேசைக்கடியில் நழுவுவான், என்னைத் தள்ளுவான். பேச்சு வராத பிள்ளை ‘வேண்டாம்’ என்பதை வேறு எப்படித்தான் சொல்வான்? நான் கழித்தல் குறி போட்டேன்.

எட்டு மாதத்தில் தாள் முழுக்கக் கூட்டல் குறிகள். அப்போது ஒருநாள், மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்தவர் விளையாட்டாக அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். முன்பின் தெரியாத மனிதர். பையன் திமிறவில்லை, எங்களைத் திரும்பிப் பார்க்கவுமில்லை, கூடவே நடந்தான். அவர் இரண்டடியில் விட்டுவிட்டார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. யார் இழுத்தாலும் போகும் பிள்ளையாக அவனை ஆக்கியது நான்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இதைத்தான் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். ‘பேசத் தெரிந்தவர்களுக்கு எங்கள் குழந்தைகளைப் பற்றி என்ன தெரியும்’ என்று நாங்கள் ஒதுக்கிவிட்டோம். அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கண்ணைப் பார்ப்பது சிலருக்கு வலியாகவே இருக்கிறது. கையை உதறுவது உடம்பு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி. அதை நாள் முழுவதும் மறைத்து நடிப்பவர்கள் ஓய்ந்துபோகிறார்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்த முறையைப் பயன்படுத்திய அமெரிக்க உளவியலாளர் லோவாஸின் 1987 ஆய்வு பயிற்சியின் முதல் நாளிலேயே எங்களுக்குச் சொல்லப்பட்டது: வாரம் 40 மணி நேரப் பயிற்சி, 19 குழந்தைகளில் 9 பேர் ‘இயல்பு நிலை’ அடைந்தார்கள். அந்தக் குழந்தைகளை அதட்டியதும் தொடையில் அடித்ததும் அந்தச் சிகிச்சையில் அடக்கம் என்பதை யாரும் சொல்லவில்லை. அடிக்கும் காலம் போய்விட்டது என்கிறார்கள். நானும் யாரையும் அடித்ததில்லை. ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆட்டிசம் உள்ளவர்களும் தங்கிப் படிக்கும் ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம், அவர்கள் நடத்தையை அடக்கப் பயன்படுத்திவந்த மின்அதிர்ச்சிக் கருவிக்கு 2020இல் விதிக்கப்பட்ட தடையை 2021இல் நீதிமன்றமே நீக்கியது. அது ஒருபுறம் இருக்கட்டும். கனிவாகச் சொல்லிக்கொடுத்தாலும் ‘பார்த்தால் ஆட்டிசம் தெரியக் கூடாது’ என்பதுதானே எங்கள் இலக்காக இருந்தது?

பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். தலையைச் சுவரில் மோதும் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு உதவி வேண்டும். ஆனால் அவன் ஏன் மோதுகிறான் என்பதை முதலில் தேட வேண்டும். நான் பார்த்த ஒரு பிள்ளைக்குப் பல்வலி. அது தெரியாமல் இரண்டு வாரம் ‘நடத்தை’யைத் திருத்திக்கொண்டிருந்தோம். பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள் கூடவே அறையில் உட்காருங்கள். அவன் மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ‘கண்டுகொள்ளமாட்டோம்’ என்று பதில் வந்தால் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ரயிலை அலமாரியின் கீழ்த்தட்டில், அவன் கைக்கு எட்டும்படி வைத்தேன். ‘போதும்’ என்ற பட அட்டை ஒன்றை அவனிடம் கொடுத்தேன். அவன் அதை நீட்டியதும் நிறுத்தினேன். முதல் நாள், ஒரு மணி நேரத்தில், 14 முறை நீட்டினான்.