மொட்டைமாடியிலிருந்து வரும் போன்

காதல் முறிந்தவர்கள் கவுன்சலிங்குக்குக் கூப்பிடுவது பெரும்பாலும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான். காற்றுச் சத்தம் கேட்டால் மொட்டைமாடி, குரல் எதிரொலித்தால் பாத்ரூம். வீட்டுக்குத் தெரியாமல் வளர்ந்தது, வீட்டுக்குத் தெரியாமலே முடிந்தும் போயிருக்கும். சாவு வீட்டுக்கு ஊரே வரும். இதற்கு ஒருவரும் வரமாட்டார்கள். வீங்கிய கண்ணுக்கு ‘தூக்கமில்லை’ என்று காரணம் சொல்லிவிட்டுக் காலையில் வேலைக்குப் போயாக வேண்டும். வெளியே சொல்லி அழ உரிமையில்லாத இந்த வகைத் துக்கத்துக்கு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1980களிலேயே தனிப் பெயர் கொடுத்துவிட்டார். நம் ஊரில் அதற்குப் பெயர் தேவைப்படாத அளவுக்கு அது சகஜம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஆறுதல் சொல்லிவிடுவார்கள். “விடுப்பா, உனக்கு இதைவிட நல்ல பொண்ணு கிடைப்பா.” நண்பர்கள் ஏற்கெனவே பத்துமுறை சொன்ன வசனம்தான் இது. ‘நீ இழந்தது பெரிய விஷயமில்லை’ என்றே கேட்பவர் காதில் விழும். முதல் பதினைந்து நிமிஷம் அவர்களே பேசட்டும். நடுவில் பத்து நொடி மௌனம் விழுந்தால் போனில் அது பத்து நிமிஷம் போல இருக்கும். அதை நிரப்பக் கூடாது.

அடுத்து, ஒரு கேள்வியை நேராகக் கேட்டாக வேண்டும்: “செத்துடலாம்னு தோணுதா?” ‘தப்பான முடிவு எதுவும்...’ என்று இழுத்தால் “அதெல்லாம் இல்ல மேடம்” என்று முடித்துவிடுவார்கள். வெளிப்படையாகக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் மற்றதையெல்லாம் ஓரம் வைத்துவிட வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது வைத்திருக்கிறாரா, வீட்டில் யார் இருக்கிறார்கள், இன்று ராத்திரி பக்கத்தில் யார் படுப்பார்கள் என்பதுதான் பேச்சு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 044-24640050-ஐயும் பேப்பரில் எழுத வைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வது வழக்கம்.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. “நாலு வருஷம் பழகிட்டு ஏன் மேடம் இப்படிப் பண்ணான்?” பதில் கிடைத்துவிட்டால் வலி நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் பதில் தெரிந்தவர்களும் கூப்பிடுகிறார்கள். ‘வீட்ல சாதி ஒத்துக்கல’ என்று காரணம் தெளிவாகவே இருக்கும். அடுத்த கேள்வி, ‘அது முதல்லயே தெரியாதா?’ ஒரு ‘ஏன்’ முடிந்தால் இன்னொன்று முளைக்கும். மனதில் இருப்பதை எழுதித் தீர்ப்பது நல்ல உத்திதான். 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் நடத்திய ஆய்வில் தினம் 15 நிமிஷம் வீதம் நாலு நாள் எழுத வைத்தார்கள்; பலன் தெரிந்தது. ஆனால் புதிதாக மணமுறிவு கண்டவர்களை வைத்து டேவிட் ஸ்பாரா குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. காரணத்தைக் கிண்டிக்கொண்டே இருக்கும் சுபாவக்காரர்களில், உணர்ச்சியைக் கொட்டி எழுதியவர்களைவிட அன்றாட வேலைகளைப் பற்றிச் சாதாரணமாக எழுதியவர்களே நன்றாகத் தேறினார்கள். எல்லாருக்கும் ‘மனசுல இருக்கறத கொட்டிடு’ என்பது மருந்தில்லை.

எனவே ‘ஏன்’ என்பதை ‘எப்போது’ என்று திருப்பிவிடுவதுதான் பாதி வேலை. எப்போது தாங்க முடியவில்லை? பதில் துல்லியமாக வரும். ஆபீஸ் விட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற இருபது நிமிஷம், தினம் பேசிக்கொண்டே போன நேரம். அந்த இருபது நிமிஷத்துக்கு மட்டும் ஒரு ஏற்பாடு வேண்டும்: ரெண்டு வாரத்துக்கு அதே நேரத்தில் பேச ஒரு அக்காவோ சித்தியோ, இல்லாவிட்டால் வேறு வழி, வேறு ஸ்டாப். அழுகைக்கும் நேரம் ஒதுக்கலாம். மாலை ஏழு மணிக்கு அலாரம் வைத்து இருபது நிமிஷம், ஆனால் படுக்கையில் வேண்டாம். அனுப்பாத கடிதம் எழுதுவதானால் பேப்பரில். போனில் டைப் செய்தால் ராத்திரி ஒரு மணிக்கு அது போய்விடும்.

போனைச் சுத்தம் செய்வதிலும் அவசரம் கூடாது. கோபத்தில் எல்லாப் படத்தையும் அழித்துவிட்டு, மறுநாள் ‘அந்த மகாபலிபுரம் போட்டோ மட்டும் அனுப்பு’ என்று கேட்டால் பேச்சு மறுபடி தொடங்கிவிடும். படங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றி நம்பிக்கையான நண்பரிடம் கொடுத்துவிட்டு, பிறகு போனிலிருந்து நீக்கலாம். கூகுள் போட்டோஸ் பழைய நினைவுகளைத் தானாக எடுத்துக் காட்டும்; குறிப்பிட்ட முகத்தை அதில் மறைக்க செட்டிங் உண்டு. வாட்ஸ்அப்பில் சாட்டை ஆர்க்கைவ், ஸ்டேட்டஸை மியூட். எல்லாரும் மறப்பது ஜிபே. டீக்குப் பத்து ரூபாய் அனுப்பத் திறந்தால் அந்த முகம் மேலேயே நிற்கும். லொகேஷன் ஷேரிங்கையும் பார்த்து நிறுத்த வேண்டும்.

இவ்வளவும் எதற்கென்றால், மெசேஜுக்குச் சில நாள் பதில் வரும், சில நாள் வராது. எப்போதும் வராத பதிலைவிட எப்போதாவது வரும் பதில்தான் ஆளை விடாமல் பிடித்து வைக்கும், லாட்டரிச் சீட்டைப் போல.

ஒரே ஆபீஸில் இருவரும் இருந்தால் பிளாக் பண்ணுவது உதவாது. வேலைப் பேச்சு ஈமெயிலிலோ குரூப்பிலோ மட்டும், தனி சாட் கிடையாது என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. காரணத்தை டீமுக்கு விளக்க வேண்டியதில்லை. லீவு எடுப்பதானால் ஒன்றிரண்டு நாள் போதும். ஒரு வாரம் ரூமில் தனியாகக் கிடந்தால் நிலைமை மோசமாகும். பசிக்காவிட்டாலும் வேளைக்கு ரெண்டு இட்லி, ஒரு டம்ளர் மோர். தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் ரெண்டு வாரம் தாண்டியும் சரியாகவில்லையென்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தேறிவருவதற்கு அடையாளம் சிரிப்பு இல்லை. மூன்றாவது அழைப்பிலோ நாலாவதிலோ, “ஆபீஸ் ஃபார்ம்ல எமர்ஜென்சி கான்டாக்ட் இன்னும் அவன் நம்பர்தான் மேடம், மாத்தணும்” என்று அவர்களே சொல்வார்கள். யார் பெயரைப் போடப் போகிறீர்கள் என்று கேட்டால், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தங்கச்சி பேரு. ஆனா அவகிட்ட முதல்ல விஷயத்தச் சொல்லணும்.”