வேரோடு இழுப்பவர்கள்

இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையேற்றுபவர்களை நினைத்தால் மனசு கனத்துப் போகிறது. அமேசான் படுகையில் பிறந்த செடி, ஊதாப் பூவின் அழகுக்காக உலகமெங்கும் கொண்டுபோகப்பட்டது. வெயிலும் கழிவுநீரும் சேர்ந்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். துண்டு ஒன்று தப்பினாலும் மறுபடி படரும். விதையோ சேற்றுக்குள் 20 ஆண்டு வரை உயிரோடு கிடக்கும்! அதனால்தான் சுத்தம் செய்த ஏரிக்கே திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள்.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990களில் இந்தச் செடியைத் தின்னும் கூன்வண்டுகளை வளர்த்துச் செடிகள் மேல் விட்டார்கள். கரையோர மீனவர்களும் தொட்டிகளில் வண்டு வளர்த்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. பலன் தெரியச் சில ஆண்டுகள் பிடித்தன. ஏரிக்குள் கழிவுநீரைத் திறந்துவிட்டுக்கொண்டே, செடியை இழுப்பவர்களை மட்டும் தண்ணீரில் இறக்குவது பெரிய அநியாயம்.