பெட்டியில் எழுதாத சூடு

சென்னை ரிட்சி தெருவில் கம்ப்யூட்டர் பாகங்களைப் பழுது பார்க்கும் மேசைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரு கிராபிக்ஸ் கார்டு கைக்கு வந்தால் அதன் வேகம் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று நான் முதலில் கேட்பதில்லை. சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்றுதான் பார்ப்பேன். இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு ஒன்று.

2022 மே மாதம். கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒரு தம்பி அதைக் கொண்டுவந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பில் இல்லை, அதனால் வாரன்டிக்கும் வழியில்லை. "அண்ணே, ஃபேன் கத்துது, ரெண்டர் பாதியில மந்தமாயிடுது" என்றார். எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலைதான் ரெண்டர்.

மூன்று ஃபேன் வைத்த, கம்பெனியிலேயே வேகம் ஏற்றிய மாடல். என்விடியா வைத்த பூஸ்ட், அதாவது வேலை ஏறும்போது சிப் தொடும் வேகம், 1710 மெகாஹெர்ட்ஸ். இதில் 1800. கூடுதல் ஐந்து சதவீதம்தான். 3080 சாதாரணமாகவே 320 வாட் இழுக்கும். ஏற்றிய வேகத்துக்கு இன்னும் கொஞ்சம். இழுப்பதெல்லாம் கடைசியில் சூடுதான்.

ஓடவிட்டேன். சிப் 72 டிகிரி, நல்ல அளவு. மெமரி 110! இதில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி அந்த அளவைத் தொட்டால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மந்தத்துக்குக் காரணம் அதுதான்.

திருகின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கிழியவில்லை. அதாவது, ஃபேக்டரியை விட்டு வந்த பிறகு யாரும் திறக்கவில்லை. கழற்றினால், சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட்சிங்க் அருமையானது: நெருக்கமான தகடுகள், ஆறு செம்புக் குழாய்கள். சிப்பைச் சுற்றி பத்து மெமரி. ஒவ்வொன்றின் சூட்டையும் ஹீட்சிங்குக்குக் கடத்த மெத்தென்ற ஒரு தெர்மல் பேடு. எட்டுப் பேடுகளில் சதுரமாக அழுத்தின தடம் இருந்தது. மற்ற இரண்டில் ஒரு மூலையில் மட்டும் நகக்கீறல் போல ஒரு கோடு. மிச்சமெல்லாம் மழமழவென்று இருந்தது. ஃபேக்டரியிலேயே பேடை மெமரிக்கு நேராக வைக்காமல் விலக்கி ஒட்டியிருக்கிறார்கள். அவ்வளவு உழைத்து வடிவமைத்த ஹீட்சிங்க், அந்த இரண்டு மெமரிக்கும் இருந்தும் இல்லாத மாதிரி. எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருந்தது.

பத்தையும் மாற்றினேன். முதல் தடவை பேடு அரை மில்லிமீட்டர் தடிமன் கூடிப்போனது. ஹீட்சிங்க் லேசாகத் தூக்கிக்கொண்டு, சிப் 81-க்கு ஏறியது. அப்புறம் வெர்னியரில் அளந்து, சரியான தடிமனில் வெட்டி வைத்ததும் சிப் பழையபடி 72, மெமரி 92.

அன்றைக்குக் கடைக்குள் 36 டிகிரி. ஏசி அறையில் 22 டிகிரியில் சோதித்து எழுதுகிற விமர்சனத்தில் இதே கார்டு இன்னும் பதினாலு டிகிரி குளிர்ச்சியாகத் தெரியும். அதனால் என் நோட்டில் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டுத்தான் குறிக்கிறேன்: சிப் 36 கூடுதல், மெமரி 56 கூடுதல்.

தம்பியிடம் சொல்லிவிட்டு வேகத்தையும் 1710-க்கே இறக்கினேன். அவர் கொண்டுவந்திருந்த முகூர்த்த வீடியோவை இரண்டு வேகத்திலும் ரெண்டர் போட்டுப் பார்த்தோம். பதினெட்டு நிமிட வேலையில் இருபது வினாடி வித்தியாசம். "ஃபேன் சத்தமே இல்லண்ணே, இப்படியே இருக்கட்டும்" என்றார்.