தாய்லாந்தில் விவாகரத்து: சொத்தை நாங்கள் பிரித்த விதம்

தாய்லாந்துக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து சில வருஷம் கழித்து நான் தாய்லாந்துக் குடியுரிமை வாங்கிவிட்டேன். வெளிநாட்டவருக்கான மஞ்சள் வீட்டுப் பதிவேட்டிலிருந்து பெயர் நீலப் புத்தகத்துக்கு மாறியது, அதனால் பிரிவு என்று வந்தபோது சட்டப்படி இரண்டு பேருமே தாய்லாந்துக்காரர்கள். தமிழில் இதைப் பற்றித் தேடியபோது எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அடுத்து தேடுகிறவருக்காவது கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் கோர்ட்டுக்கே போக வேண்டாம். எழுத்தில் ஒப்பந்தம், இரண்டு சாட்சிகள், அதோடு பாங்காக்கில் என்றால் கேத் என்கிற பகுதி அலுவலகம், வெளி மாகாணம் என்றால் ஆம்போ என்கிற மாவட்ட அலுவலகம், அங்கே பதிவு செய்தால் முடிந்தது. பதிவாகும்வரை நீங்கள் கணவன் மனைவிதான், வீட்டில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டது போதாது. ஒருவர் மறுத்தால்தான் குடும்ப நீதிமன்றம், அங்கே சிவில் சட்டம் 1516-ஆம் பிரிவில் சொல்லியிருக்கும் காரணங்களில் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும், சும்மா ஒத்துவரவில்லை என்றால் எடுபடாது.

எங்களுக்குப் பிரிவதில் சண்டை இல்லை, சொத்தில்தான் இருந்தது. சட்டம் சொத்தை இரண்டாகப் பார்க்கிறது. கல்யாணத்துக்கு முன்பே இருந்தது, அப்புறம் பரிசாகவோ உயிலாலோ ஒருவருக்கு மட்டும் வந்தது, இதெல்லாம் சின் சுவான் துவா, தனிச் சொத்து. கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது சின் சொம்ரொட், பொதுச் சொத்து, அது பாதிக்குப் பாதி. எங்கள் காண்டோ (அடுக்குமாடி வீடு) என் கணவர் பெயரில் மட்டும் இருந்தது. "பத்திரத்தில் என் பெயர்தானே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், ஆனால் தவணை அவர் சம்பளத்திலும் வீட்டுச் செலவு என் சம்பளத்திலுமாக இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது, சட்டமும் பத்திரத்தில் யார் பெயர் என்று பார்ப்பதில்லை, எப்போது வாங்கியது என்றுதான் பார்க்கிறது. சந்தேகம் வந்தால்கூடப் பொதுச் சொத்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1474-ஆம் பிரிவு சொல்கிறது.

அதே பிரிவில்தான் அவர் எதிர்பார்க்காத இன்னொன்றும் இருந்தது. நகோன் பதோமில் அவர் அப்பா கொடுத்த பொமெலோ (பம்ப்ளிமாஸ்) தோட்டம் அவருடையது, அதில் நான் கை வைக்கவே இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்திலிருந்து கல்யாணத்துக்குப் பிறகு வந்த குத்தகைப் பணம் பொதுச் சொத்து! தனியாகக் கணக்கு திறந்து அதில் சேர்த்து வைத்திருந்தார், பாவம், அது முழுக்கத் தன்னுடையது என்றே நம்பியிருந்தார். நாங்கள் தனித்தனியாக இருந்த காலத்தில் அவர் வாங்கிய பிக்கப்பும் கணக்கில் வந்தது, ஏனென்றால் சம்மத விவாகரத்தில் பதிவு நாள்வரை உள்ள சொத்தைத்தான் பிரிக்கிறார்கள். வண்டியையும் அதன் கடனையும் அவருக்கே விட்டுவிட்டேன்.

நகை விஷயத்தில் மாமியார் ரொம்பப் பிடிவாதமாக இருந்தார். நிச்சயத்தின்போது எனக்குப் போட்ட தங்கம் (இங்கே ஒரு பாட் தங்கம் என்றால் சுமார் 15 கிராம், நம் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு) கல்யாணத்தோடு பெண்ணின் தனிச் சொத்தாகிவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டார் என் அப்பா அம்மாவுக்குக் கொடுத்த சின்சொட், அதாவது பரிசப் பணம், அவர்களுடையது. இரண்டுமே பங்கு போடும் கணக்கில் வராது என்று வக்கீல் அவரிடம் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் பேச்சு அடங்கியது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது காண்டோ கடன். அதில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். நமக்குள் என்ன ஒப்பந்தம் எழுதினாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது, அவர் கட்டாவிட்டால் என்னிடம்தான் வருவார்கள். அதனால் ஒப்பந்தத்தில் "காண்டோ அவருக்கு" என்று ஒற்றை வரியோடு விடாமல், எந்தத் தேதிக்குள் கடனைத் தன் பெயருக்கு மட்டும் மாற்ற வேண்டும், என் பங்கு எந்தெந்தத் தவணையில், மாற்றாவிட்டால் விற்றுப் பணத்தைப் பிரிப்பது என்றெல்லாம் எழுத வைத்தேன். குழந்தை இருந்தால் யாரிடம் வளரும், செலவு யாருடையது என்பதும் இதிலேயே வர வேண்டும்.

கேத்தில் அன்றைக்கு வேலை சீக்கிரமே முடிந்தது. அடையாள அட்டை, வீட்டுப் பதிவேடு, கல்யாணச் சான்றிதழ், சாட்சிகள், அவ்வளவுதான். அதிகாரி சொத்து பற்றி ஏதாவது பதிய வேண்டுமா என்று கேட்பார். சீக்கிரம் முடித்தால் போதும் என்று பலர் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிறகு கேட்கவே முடியாது என்றில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். பதிவேட்டில் ஏறியிருந்தால் அந்தத் தாளை வைத்தே வழக்குப் போடலாம். 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத் தம்பதிகளும் இந்தச் சட்டத்தின்படி மணக்கலாம், பிரிந்தால் அவர்களுக்கும் இதே கணக்குதான்.

விவாகரத்துச் சான்றிதழ் கையில் வந்ததும் பழைய குடும்பப் பெயருக்குத் திரும்பினேன், அடையாள அட்டை மாற்றினேன். கடன் மாற்றம்தான் இழுத்தது. என் பெயரை நீக்கியதாக வங்கி கடிதம் கொடுத்த பிறகுதான் கடைசித் தவணையை வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.