கேரேஜில் கட்டிய காரும் ஓர் எடை நோட்டும்

கேரேஜ் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. கிரீஸ் கறை, வெல்டிங் பொறி விழுந்து ஓட்டையான இரண்டு பக்கங்கள், முதல் வரியில் கொட்டை எழுத்தில் "இலக்கு: 550 கிலோ". மூன்றரை வருடம் கழித்துக் கார் சொந்தக் காலில் நின்ற அன்று எழுதிய எண் 612. நடுவில் இருக்கும் அந்த 62 கிலோ எங்கிருந்து வந்தது என்பதுதான் கிட்டத்தட்ட நான் சொல்லப்போகும் கதை.

என்ன கார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லோட்டஸ் செவன் படமாவது பார்த்திருப்பீர்கள்: நீள மூக்கு, உடம்போடு ஒட்டாமல் தனியாக நிற்கும் முன் மட்கார்டுகள், கதவு கிடையாது, இரண்டே சீட்டு. லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்தது. அந்த மனிதரே 1948-இல் ஆஸ்டின் செவன் என்ற வேறொரு பழைய காரைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டியது காதலியின் பெற்றோர் வீட்டுக் கேரேஜில்தான், அதனால் இந்தக் காரைக் கேரேஜில் கட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். 1973-இல் லோட்டஸ் செவனின் உரிமை கேட்டர்ஹாம் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போனது, அவர்கள் இன்றும் அந்த வடிவத்தில் விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்காமல் சதுரக் குழாயில் சட்டத்தை நாமே வெல்டு செய்து, மற்றதையெல்லாம் ஒரு பழைய காரிலிருந்து எடுத்துப் போட்டால் அதற்கு லோகோஸ்ட் என்று பெயர்.

பழைய காருக்கு நான் எடுத்தது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். இன்ஜின் நீளவாக்கில் நிற்கும், பின்சக்கர டிரைவ், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். முழுசாக இருந்தபோது 950 கிலோ பக்கம். அதே 115 குதிரைத்திறன் இன்ஜின் அறுநூறு கிலோவை இழுத்தால் எப்படி இருக்கும் என்ற ஒரே கணக்கில்தான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். பிரிப்பது சுகமான வேலை, இரண்டு வார இறுதியில் முடிந்துவிட்டது. முதல் நாள் ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது, எத்தனை நீளம் என்றெல்லாம் எழுதி ஒட்டினேன். கடைசி நாள் பையில் வெறுமனே "பின்னாடி எங்கேயோ" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பையோடு பிற்பாடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன்.

சட்டத்துக்கு 25 மில்லிமீட்டர் சதுர எஃகுக் குழாய், சுவர் கனம் 1.6. மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ வரும், ஐம்பது மீட்டருக்குக் கொஞ்சம் மேல் தேவைப்பட்டது. எதற்கும் இருக்கட்டும், 2 மில்லிமீட்டர் கனத்தில் போடலாமே என்று கை துறுதுறுத்தது. கணக்குப் போட்டால் அந்த "எதற்கும்" மட்டுமே 13 கிலோ! குழாய் கனமாக இருப்பதால் சட்டம் உறுதியாவதில்லை, முக்கோணத்தால் ஆகிறது. நான்கு குச்சியை நான்கு ஆணியால் சேர்த்து ஒரு சதுரம் செய்து மூலையை அழுத்திப் பாருங்கள், சாய்ந்து படுத்துவிடும். குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினால் அசையாது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் இன்ஜின் இறங்கும் இடத்திலும் நம் கால் போகும் இடத்திலும் குறுக்கே குச்சி வைக்க முடியாது என்பதில்தான் தலைவலி ஆரம்பிக்கிறது.

தடித்த பலகையில் ஒரு மேசை கட்டி, மட்டம் பார்த்து, அதன் மேலேயே முழு அளவில் கோடு போட்டு, மரக்கட்டைகளை அடித்து அவற்றுக்கு நடுவே குழாய்களைப் படுக்க வைத்தேன். எல்லா மூட்டுகளிலும் முதலில் டேக் மட்டும், அதாவது தற்காலிகமாகப் பிடித்து நிற்கச் சின்னப் பொட்டு வெல்டு. மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து வலப்பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் வெல்டு செய்து முடித்தேன், அதுதான் இந்த மூன்றரை வருடத்தில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பின்மூலை ஒன்று மேசையைத் தொடாமல் நிற்கிறது. விரலால் அழுத்தினால் டக் என்று உட்காருகிறது, விட்டால் எழுந்துகொள்கிறது. அடியில் தகட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி அளந்தேன்: 7 மில்லிமீட்டர்.

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கித் தன் பக்கமாக இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கை கேட்கவில்லை. நான்கு மூட்டுகளை மெல்லிய டிஸ்க்கால் அறுத்தேன், சட்டத்தை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கினேன், திரும்பவும் டேக், அப்புறம் இங்கே ஓர் அங்குலம், எதிர்மூலையில் ஓர் அங்குலம் என்று தாவித் தாவி வெல்டு. ஒரு மூட்டு ஆறும்வரை அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். ஐந்து வார இறுதி இதற்கே போனது. கடைசியில் நின்ற கோணல் ஒன்றரை மில்லிமீட்டர், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அறுத்த இடத்தில் பயத்துக்கு ஒட்டிய தகடுகள், நோட்டில் இருக்கிறது, 3.8 கிலோ.

வெல்டிங் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மீதித் துண்டுகளை வெல்டு செய்து, வைஸில் பிடித்து, சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். வெல்டு பிய்ந்து வந்தால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை, பக்கத்துக் குழாய் கிழிந்தால் சரி. இன்னொன்று, சட்டையின் மேல் பட்டனைப் போடுங்கள். நான் போடவில்லை. வெல்டிங் வெளிச்சம் பட்டு வெந்து, கழுத்துக்குக் கீழே முக்கோணமாகத் தோல் உரிந்து ஒரு வாரம் அப்படியே திரிந்தேன். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கைகளான சஸ்பென்ஷன் விஷ்போன்களை நான் வெட்டிப் பொருத்தி டேக் வைத்ததோடு சரி, முழு வெல்டை இருபது வருடம் கை பழகிய ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். சட்டத்தில் ஐம்பது மூட்டு இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். விஷ்போனில் அந்தச் சலுகை கிடையாது.

இன்ஜினை இறக்கிய நாளை மறக்க முடியாது. முன்னதாகவே அட்டைப்பெட்டியில் இன்ஜின் அளவுக்கு ஒரு பொம்மை செய்து வைத்துப் பார்த்து, தாராளமாக இடம் இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தேன். நிஜ இன்ஜின் சங்கிலியில் தொங்கியபடி உள்ளே போனது, போனது, நின்றுவிட்டது. எம்எக்ஸ்-5 இன்ஜினின் பின்புறத்தில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும், கேம் ஷாஃப்ட் சுற்றும் நிலையைக் காட்டும் கேம் ஆங்கிள் சென்சாரும் துருத்திக்கொண்டு நிற்கும். அட்டை இன்ஜினுக்கு அது இல்லை. 28 மில்லிமீட்டர் பற்றவில்லை. இன்ஜினை முன்னால் தள்ளினால் எடையெல்லாம் மூக்குக்குப் போகும், கியர் லீவரும் டாஷ்போர்டுக்கு அடியில் புகுந்துகொள்ளும். எனவே காயிலைக் கழற்றி வேறு இடத்துக்கு மாற்றி, சென்சாருக்காக இன்ஜினுக்கும் சீட்டுப் பகுதிக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் தகட்டில் ஒரு பொந்து வெட்டி, அதற்கு ஒரு மூடி செய்தேன்.

அதோடு முடிந்ததா? எம்எக்ஸ்-5-இல் கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் பிணைத்திருக்கும், கியர்பாக்ஸின் வாலுக்குத் தனியாகத் தாங்கி கிடையாது. அந்த அலுமினியச் சட்டத்தை எடுத்துவிட்டால் வால் அந்தரத்தில் தொங்கும், ஆக அதற்கும் டிஃபரன்ஷியலுக்கும் தாங்கிகள் நாமே செய்ய வேண்டும். கியர்பாக்ஸுக்குச் செய்த பிராக்கெட் 15 மில்லிமீட்டர் தள்ளி அமைந்துவிட்டது, அறுத்து எடுக்கச் சோம்பல்பட்டு அந்த பிராக்கெட்டுக்கு இன்னொரு பிராக்கெட் வைத்தேன். தவறுக்கும் எடை உண்டு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நோட்டில் அதற்குத் தனிப் பக்கமே போட்டேன், தலைப்பு "என் புத்திசாலித்தனம்". மொத்தம் 21 கிலோ. மீதி 41 கிலோ, கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார், சீட்டுப் பட்டைகள், பெரிய ரேடியேட்டர் என்று நியாயமான செலவு, அதில் எனக்கு வருத்தமில்லை.

கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுருக்கி பேலன்ஸ் செய்ய லேத் பட்டறையில் கொடுத்தேன். "அளவு சரியா எடுத்தீங்களா சார்?" என்று அவர் மூன்று முறை கேட்டார், நானும் மூன்று முறை வீட்டுக்கு வந்து அளந்தேன். அந்த ஒரு சாமான் மட்டும் முதல்முறையே பொருந்தியது.

பிரேக்கைப் பற்றி நீளமாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நான் உண்மையில் பயந்தேன். குழாய் முனையை விரித்து உட்கார வைப்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் உண்டு. ஒன்று குமிழ் மாதிரி, இன்னொன்று உள்பக்கமாக இரட்டையாக மடிந்தது. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், ஒன்றின் இருக்கையில் மற்றது முறுக்கி இறுகவும் செய்யும். நான் கலந்துவிட்டேன். காற்றெல்லாம் வெளியேற்றி, பெடலை அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது, பரம திருப்தி. இரவு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து பெடலை அழுத்தியபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கட்டை சரிந்து கிடந்தது. ஒரு மூட்டுக்குக் கீழே கண்ணீர் மாதிரி ஒரே ஒரு சொட்டு, அது வழிந்த தடத்தில் சட்டத்தின் புது பெயிண்ட் சுருங்கி உரிந்திருந்தது. பிரேக் திரவம் பெயிண்டைத் தின்னும். அந்த உரிந்த கோடு இல்லையென்றால் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகியிருக்கும். எல்லாக் குழாயையும் பிடுங்கிவிட்டு ஒரே வடிவத்தில் புதிதாகச் செய்தேன், பிறகு இதே கட்டைப் பரீட்சையை மூன்று இரவு வைத்தேன்.

வயரிங், அலுமினியத் தகடு ரிவெட் அடித்தது, ஃபைபர் மூக்கு இதெல்லாம் எட்டு மாதம். சொல்வதற்கு அதிகமில்லை, அரிப்பைத் தவிர. ஃபைபர் தூள் ஒட்டிய சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், குடும்பமே சொறியும்.

நான்கு மூலையின் எடையைப் பார்க்க, வீட்டில் ஆள் நின்று பார்க்கும் எடைக்கருவி நான்கு சேர்த்தேன். ஒன்று 150 கிலோதான் தாங்கும், அதனால் பலகையின் ஒரு முனையைக் கருவியிலும் மறு முனையை அதே உயரக் கட்டையிலும் வைத்து, சக்கரத்தை நட்டநடுவில் நிறுத்தினால் பாதி எடைதான் கருவிக்கு வரும். அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். ஓட்டுகிறவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும், ஆகவே நான் சீட்டில், மகள் தரையில் நோட்டோடு.

"அப்பா, மூச்சு விடாதீங்க, நம்பர் நிக்க மாட்டேங்குது."

மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன் வலமும் பின் இடமும் சேர்ந்து மொத்தத்தில் 54 சதவீதம், சரிபாதி வந்திருக்க வேண்டும். அந்தப் பழைய ஒன்றரை மில்லிமீட்டர் கோணல் இங்கே வந்து நிற்கிறது. ஸ்பிரிங்கின் அடித்தட்டை மரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறி, சாயங்காலத்துக்குள் 50.5-க்குக் கொண்டுவந்தோம். நான் இறங்கிய பிறகு நான்கையும் கூட்டியபோது வந்ததுதான் அந்த 612.

முதல் ஓட்டம் ஒரு மூடிய பாதையில், சாலையில் இல்லை. கையால் கட்டிய காரைச் சாலையில் விடலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், முதல் குழாயை வெட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நான் வெட்டிய பிறகுதான் கேட்டேன். மூன்றாவது கியரில் ஒரு சின்ன மேட்டில் ஏறியதும் ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை ஜாக்கியால் ஏற்றி இறக்கி ஒவ்வொரு நிலையிலும் அளந்தால், சக்கரம் ஏற ஏற வெளிப்பக்கம் திரும்புகிறது. ஸ்டியரிங் ரேக், அதாவது சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம், வேண்டிய உயரத்தில் இல்லை. 6 மில்லிமீட்டர் தகட்டை அடியில் வைத்ததும் கிட்டத்தட்ட சரியாகிவிட்டது, அடுத்த முறை அதே மேட்டில் நூல் பிடித்தாற்போல் போனது.

அன்றைக்கு இருபது சுற்று ஓட்டினேன். முடுக்கினால் முதுகில் ஒரு தள்ளு, பிரேக் போட்டால் உடனே நிற்பது, இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மூக்கு திரும்பும் வேகத்தை எதிர்பார்க்கவில்லை, மணிக்கட்டை அசைத்தால் போதும். இறங்கியபோது இடது செருப்பு காலோடு வரவில்லை. எக்ஸாஸ்ட் போகும் பக்கத்துத் தகடு சுட்டு, ரப்பர் அடிப்பாகம் இளகித் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. போன வாரம் அங்கே வெப்பத் தடுப்புத் தகடு ஒன்று பொருத்தினேன். 1.4 கிலோ. நோட்டில் 612-ஐ அடித்துவிட்டு 613.4 என்று எழுதியாயிற்று.