மகாலுக்குப் பின்னால் ஒரு திண்ணை

குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்து வந்த அலுவலக நண்பருக்கு மதுரையில் ஒரே ஒரு பகல்தான் கிடைத்தது. காலையிலேயே மீனாட்சியைப் பார்த்தாயிற்று. திருமலை நாயக்கர் மகாலில் 1636 என்ற ஆண்டையும் தூண்களின் பருமனையும் நான் விளக்கியபோது மரியாதைக்குத் தலையாட்டினார். மனுஷருக்குப் பசி. "வாங்க, உங்க ஊர்க்காரங்க வீட்டுக்குப் போவோம்" என்றேன். நம்பவில்லை.

மகாலைச் சுற்றியிருக்கும் தெருக்களில் பாதிக்கு மேல் சௌராஷ்டிரர்கள். நாங்கள் அவர்களைப் பட்டுநூல்காரர் என்றும் சொல்வோம். குஜராத்திலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் என்று அரசுகள் சரியச் சரிய இடம் மாறி, நாயக்கர் காலத்தில் இங்கே வந்து தறி போட்டதாக அவர்களே சொல்வார்கள். என் பள்ளிக்கூட பெஞ்சில் இருபுறமும் அந்த மொழிதான். பத்து வருஷம் கேட்டும் எனக்கு ஒரு சொல் ஒட்டவில்லை. ஒட்ட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

பத்துத்தூண் சந்தில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் தூண்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே என் நண்பனின் அத்தை வீட்டுக்குப் போனோம். எழுபதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் புள்ளி வைத்த இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, அடியில் நூலைச் சுற்றி ஒரே இழுப்பு. கண் அங்கே இல்லை, எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே கை போகிறது. சாயத்தில் முக்கினால் முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அவிழ்த்தால் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி, நடுவில் குட்டியாக ஒரு மூக்கு. நெருக்கமான வேலை என்றால் ஒரு சேலைக்கே 20,000 முடிச்சு வரை போகுமாம்.

"அத்தை, உங்க பாஷையில ஒண்ணு ரெண்டு எண்ணுங்களேன்."

"ஏக், தி, தீன், சார், பாஞ்ச்..."

நண்பர் திண்ணை நுனிக்கு நகர்ந்துவிட்டார். குஜராத்தியில் இரண்டு 'பே', மூன்று 'த்ரண்'. மூன்றுக்கு 'தீன்' என்பது மராத்தியிலும் உண்டு. வந்த வழியில் மராத்தி நாட்டுத் தேவகிரியில் தங்கியதன் தடயமோ என்று எனக்கு ஓர் ஆசை. மொழி அறிஞர்கள் மன்னிக்கட்டும்.

2023 ஏப்ரலில் குஜராத்தில் சௌராஷ்டிரா தமிழ்ச் சங்கமம் நடந்தபோது மதுரையிலிருந்து தனி ரயிலே விட்டார்களே, அதில் அத்தையும் சோமநாதர் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறார். "சாமி நல்லா பாத்தோம் தம்பி. ஆனா நான் பேசினா அங்கவுக திருதிருன்னு முழிக்கிறாக. கடைசில இந்தியில கேட்டு வாங்கினேன் தண்ணிய."

மருமகள் உள்ளேயிருந்து தட்டோடு வந்தார். கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிய பச்சை வடை, பொரித்ததும் உப்பி, மேலே பொடி தூவி. அந்த இலைக்கு இவர்கள் பேர் பங்கரபான். மராத்தியில் இந்த மரத்துக்குப் பாங்காரா என்றுதான் பேர். நண்பர் நாலு வடைக்குப் பிறகுதான் பேசவே ஆரம்பித்தார்.

மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-இலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் சுங்குடி என்று கடைகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி அச்சடித்த புள்ளி. காலையில் நான்கூட ஒரு கடையில் ஏமாந்து ஒன்றை வாங்கி, பெருமையாக அத்தையிடம் நீட்டினேன். விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "மூக்கில்லையே" என்று திருப்பித் தந்தார். புள்ளியெல்லாம் ஒரே அளவில் வரிசையாக நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

எப்போதாவது வெளியூர்க்காரர்களை யாராவது கூட்டி வருகிறார்களாம். பத்து முடிச்சுப் போட்டுப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, கையில் கொஞ்சம் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். மருமகளுக்கு அது பிடித்திருக்கிறது. முடிச்சுக் கூலியைவிட அதில் சீக்கிரம் காசு வருகிறது என்கிறார். அத்தைக்குப் பிடிக்கவில்லை. "நான் என்ன சர்க்கஸா?" எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி என்றே பட்டது. ஆனால் வருகிறவர் ஆளுக்கொரு சேலை வாங்கினால் இந்தச் சண்டையே இருக்காது. அத்தையின் பேத்திக்கு முடிச்சுப் போடத் தெரியாது, ஐ.டி. வேலை. அதில் குறை சொல்ல நான் யார்? என் அப்பாவின் தொழிலும் எனக்குத் தெரியாது.

நண்பர் தன் அம்மாவுக்கு மருதாணிச் சிவப்பில் ஒன்று எடுத்தார். விலையைப் பேரம் பேச வாயெடுத்தவரை நான் காலால் மிதித்தேன். அத்தை கவரில் போட்டுக்கொடுக்கும்போது மூன்று தடவை சொன்னார்: "இஸ்திரி மட்டும் போட்டுராதீக. மூக்கு அமுங்கிப்போகும்."

போன வாரம் நண்பரிடமிருந்து ஒரு படம் வந்தது. அம்மா அந்தச் சேலையில், மடிப்புக் கலையாமல், கத்தி மாதிரி விறைப்பாக நிற்கிறார். படத்துக்குக் கீழே ஒரே வரி: "அத்தையிடம் காட்டிவிடாதே."