கோழி விற்ற காசு விவசாய வருமானம் இல்லை

வீட்டுக்குப் பின்னால் எண்பது நாட்டுக்கோழி வளர்க்கிறோம். நான் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், கோழிகளைப் பெரும்பாலும் மனைவிதான் கவனித்துக்கொள்கிறார். முட்டை அக்கம்பக்கத்திலேயே போய்விடும், சேவல்களை ஆடி முடிந்ததும் தீபாவளிக்கும் வீட்டுக்கே வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். 2023-24இல் மொத்தம் 1,64,000 ரூபாய் வந்தது. கம்பு, குருணை, தவிடு, தடுப்பூசி, கூண்டுக்கு வலை என்று 1,06,000 செலவு. மழைக்காலத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து இருபது குஞ்சுக்கு மேல் போனது, அதையும் தாண்டி 58,000 கையில் நின்றது.

வரிக்கணக்கு தாக்கல் செய்து கொடுப்பவரிடம் இதைச் சொன்னேன். "கோழிதானே, விவசாயத்தில் போட்டுவிடலாம்ண்ணா, வரியே வராது" என்று அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார். எனக்கும் அப்போது சரியாகத்தான் பட்டது. அப்பா காலத்திலிருந்து ஆடு, மாடு, கோழி எல்லாம் சேர்ந்ததுதான் எங்களுக்கு விவசாயம்.

ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நிலத்தை உழுது, விதைத்து, அதிலிருந்து வருவதுதான் வருமான வரிச் சட்டத்துக்கு விவசாய வருமானம். கோழி, பால், தேனீ எல்லாம் வியாபார வருமானம். குழப்பம் எங்கே வருகிறது என்றால், ரிட்டர்ன் எனும் வரிக்கணக்குப் படிவத்தில் கோழி வளர்ப்புக்கும் முட்டைக்கும் இருக்கிற தொழில் குறியீடு விவசாயம், கால்நடை என்ற தலைப்புக்குக் கீழேதான் வருகிறது. அதைப் பார்த்தே பலர் வரி கிடையாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

எனக்கு இது தெரிந்தது 2024 ஜூலை நடுவில், கடைசி நாளான 31க்கு இரண்டு வாரம் இருக்கும்போது. திருத்திய ரிட்டர்ன் போட டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறதே என்று நிதானமாக இருந்திருந்தால் மாட்டியிருப்பேன். காரணம் வீட்டுக்கடன். அதன் வட்டிக் கழிவு புதிய வரி முறையில் எனக்குக் கிடைக்காது என்பதால் நான் பழைய முறையில் இருக்கிறேன். சம்பளம் மட்டும் வாங்குகிறவர் எந்த முறை வேண்டும் என்பதை ரிட்டர்னிலேயே தேர்ந்தெடுக்கலாம். வியாபார வருமானம் ஒரு ரூபாய் இருந்தாலும் 10-ஐஈஏ என்ற படிவத்தைத் தனியாக, அதுவும் ரிட்டர்னுக்கான கடைசி நாளுக்குள் (அந்த வருடம் ஜூலை 31) போட்டால்தான் பழைய முறை. அப்படிப் பழைய முறைக்கு வந்த பிறகு ஒருதடவை புதிய முறைக்குப் போய்விட்டால், வியாபார வருமானம் இருக்கும்வரை பழையதற்குத் திரும்பவே முடியாது. எண்பது கோழிக்காக வீட்டுக்கடன் கழிவு போய்விடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வாரமே 10-ஐஈஏ போட்டேன், பிறகு சிறு வியாபாரிகளுக்கான ஐடிஆர்-4 படிவத்தில் திருத்திய ரிட்டர்ன். விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் 44ஏடி பிரிவில் போனால் பில் எல்லாம் அடுக்கி வைத்துக் கணக்கு எழுத வேண்டியதில்லை. ரொக்கமாக வந்த விற்பனையில் 8 சதவீதமும், ஜிபே, வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்ட வேண்டும். எனக்கு ரொக்கம் 94,000, ஜிபேயில் 70,000. அந்தக் கணக்கில் 11,720 ரூபாய்தான் வருகிறது. நிறைய பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் 58,000ஐயே காட்டினேன். கையில் நின்றது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்போது குறைத்து எழுத மனம் வரவில்லை. எனக்கு 20 சதவீத வரி என்பதால், வரியின் மேல் போடும் செஸ்ஸோடு அந்த 58,000க்கு 12,064 ரூபாய் வரி ஆனது. வலித்தது, உண்மைதான். ஆனால் பண்ணையைப் பெரிதாக்கக் கடன் கேட்டுப் போகும்போது காட்ட இதுதான் என்னிடம் இருக்கிற ஒரே தாள்.

கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். வளர்ப்புக்கூலியில் 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும். ரிட்டர்ன் போடாமல் விட்டால் அந்தப் பணமும் திரும்ப வராது.

பிரிவு எண்ணெல்லாம் 1961 சட்டத்தில் உள்ளவை, 2026 ஏப்ரலிலிருந்து வரும் புதுச் சட்டத்தில் எண்கள் வேறு. கூண்டுக் கதவில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். முட்டை விற்ற அன்றே மகள் எழுதிவிடுகிறாள், ரொக்கம் ஒரு பக்கம், ஜிபே ஒரு பக்கம்.